மனூசோஸின் கடைவாய்ப் பல்

கொட்டியாற்றுக் குடாவில் நங்கூரமிட்ட
கோதுமைக் கப்பலில் ஒரு பல்வலி,
கரைக்குக் கொண்டுபோ என்றார்கள்.
வலியோடு மனூசோஸ் இறங்கினான்,
இரண்டாம் எஞ்சினியர்,
கன்னத்தில் மாங்காய் ஒதுக்கியவன் போல.

ஏகாம்பரம் வீதியில் பிடுங்கி முடிய
பின்னேரம் நாலரை.
வாயில் பஞ்சு.
சட்டைப் பைக்குள்
துணியில் சுற்றிய பல்.

துறைமுக வாயைத் தாண்டியதும்
வடக்கே பார்த்துக் கேட்டான்,
இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில்:
அது யாருடைய முகம்?

முகமா?
கோணேசர் மலையை நான் பிறந்த நாள்முதல் பார்க்கிறேன்.
சுக்கானைத் திருப்பினேன்.
கிட்டப் போய்ப் பார்க்கட்டும்.

அவனுடைய கிரீட் தீவில் ஒரு மலை, யூக்தாஸ்.
மல்லாந்து கிடக்கும் ஒருவரின் பக்கமுகமாம்.
நெற்றி, மூக்கு, வானம் பார்த்த தாடி.
ஜீயஸ் என்றான்.
தூங்குகிறாரா என்றேன்.
பஞ்சை நாக்கால் ஒதுக்கிவிட்டு,
செத்துப்போனார், என்றான்.

கடவுளுக்குச் சாவு உண்டோ?

'இதைச் சொன்னதற்குத்தான்
மற்றக் கிரேக்கர் எங்களைப் பொய்யர் என்றார்கள்.
பிறந்ததும் எங்களிடம்தானே.
தகப்பன் பிள்ளைகளை விழுங்குகிறவன்.
தாய் ஒரு கல்லைத் துணியில் சுற்றி
அவன் வாய்க்குள் கொடுத்துவிட்டு
பிள்ளையைக் குகையில் ஒளித்தாள்.
அழுகை வெளியே கேட்காமலிருக்க
வாசலில் வீரர்கள்
கேடயத்தில் வாளை அடித்து அடித்து ஆடினார்கள்.
பிறந்த இடத்தில் ஒருவர் சாகக்கூடாதா?'

செத்த கடவுளை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்?

'அடிவாரத்தில் திராட்சை வைக்கிறோம்.'

அதற்குள் பாறை எங்களுக்கு மேலே வந்துவிட்டது.
வெயில் மலைக்கு அந்தப் பக்கம்.
இந்தப் பக்கம் கறுப்பு,
கறுப்புக்குள் இன்னும் கறுப்பாய் அந்தப் பிளவு.

எங்களுடையதில் முகமில்லை, என்றேன்,
வெட்டு.
இராவணன் வாளால் வெட்டியது.
தாய்க்கு இயலாமல் போயிற்று,
மலைக்கு வர முடியவில்லை.
மலையைத் தாயிடம் கொண்டுபோகப் பார்த்தான்.

'கொண்டுபோனானா?'

இல்லை. பாதியில்
ஒரு கிழவர் வேஷத்தில் விஷ்ணு வந்து
உன் தாய் செத்துவிட்டாள் என்றார்.
உண்மையா என்று அவன் கேட்கவில்லை.
கன்னியாவில் நிலத்தைக் குத்தினான்,
ஏழு இடத்தில் வெந்நீர் வந்தது,
காரியம் செய்தான்.

நானும் அங்கேதான் செய்தேன்,
போன ஆவணியில்.
டிக்கட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்
ஏழு கிணற்றிலும் அள்ளினேன்.
ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு.

அம்மா கடைசியில் கேட்டது கோணேசரைத்தான்.
அத்தனை படிக்கு ஏற்ற முடியாது என்றேன்.
வாளில்லை. போன் இருந்தது.
இதே லாஞ்சிலிருந்து மலையைப் படம் பிடித்துக்கொண்டுபோய்க்
கட்டிலருகே காட்டினேன்.
'கோயில் எங்க மோனே,
கடல்தானே ஆடுது'
என்றா.

இதை மனூசோஸிடம் சொல்லவில்லை.
அவன் தூரக்கண்ணாடியில் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.
'அந்த மரத்தில் தொங்குவது?'
தொட்டில்.
பிள்ளை வேண்டுமென்று கட்டுகிறார்கள்.
'வெட்டுக்குப் பக்கத்திலா?'
வேறெங்கே?

மேலே மணி அடித்தது,
கூடவே மேளம்,
பிறகு எதுவும் கேட்காத அளவுக்கு மேளம்.
கேடயங்களை நினைத்தானோ,
என்னைப் பார்த்து ஒரு பக்க வாயால் சிரித்தான்.

சட்டைப் பையிலிருந்து அந்தச் சிறு பொட்டலத்தை எடுத்து,
இங்கே போடலாமா என்றான்.

கோயிலையே ஒருகாலம்
போர்த்துக்கேயர் இதற்குள்தான் தள்ளினார்கள்.
தூண்கள் கிடக்கிற இடத்தில்
ஒரு பல் எந்த மூலைக்கு?
போடு என்றேன்.

சத்தமே வரவில்லை.

கப்பலில் அவனை ஏற்றிவிட்டுத் திரும்பி
லாஞ்ச் புத்தகத்தில் எழுதினேன்:
போக ஒருவர். வர ஒருவர்.
டீசல் நாலு லீற்றர் கூட.
காரணம் என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் பேனையை வைத்திருந்துவிட்டு
நீரோட்டம் என்று போட்டேன்.